வரையாமல் விட்ட கோடுகள்

அத்தியாயம் 9

லிஃப்ட் மெக்கானிக் அந்தப் படத்தை மேஜை மேல் வைத்தபோது காலை பத்தே கால். தராசு உடனே படத்தைத் தொடவில்லை. முதலில் அதை வைத்த கையைத்தான் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

தராசு என்பது ஊர் வைத்த பெயர். துப்பறியும் தொழிலுக்கு வந்த இருபது வருடத்தில் ஒரு வார்த்தையைக்கூட நிறுக்காமல் வாயை விட்டு வெளியே அனுப்பியதில்லை என்பதால் அப்படி. அவருடைய உதவியாளருக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. காலையில் ஆரம்பித்தால் ஆபீஸ் பூட்டும்வரை பேச்சு ஓடும். நாற்பத்தைந்து வயதான அந்த அம்மாளை எல்லோரும் ரேடியோ என்றார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

"என்ன சார் இது, நூல்கண்டைப் பூனைகிட்ட குடுத்த மாதிரி இருக்கு?" என்று எட்டிப் பார்த்தாள் ரேடியோ.

"என் பொண்டாட்டியோட மூளைங்க" என்றார் மெக்கானிக்.

ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு தலை. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள், வாரிவிட்ட தலைமுடி போல. இடது பக்கம் கோலிக்குண்டு அளவுக்கு மஞ்சளாக ஒரு கட்டி. கட்டியைச் சுற்றி மட்டும் ஒரு கோடும் இல்லை. பெருக்கிவிட்ட வாசல் மாதிரி வெறுமையாக இருந்தது.

"இந்த வெறும் இடம்தான் சார் பொய்" என்றார் மெக்கானிக். "முதல் படத்துல இங்க கோடு இருந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன்."

அவர் மனைவி மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவள். இருபத்திரண்டு வருடமாகக் கையில் ஒரு பித்தளை மணியோடு மூட்டைகளுக்கு நடுவே நின்று கூவுகிறவள். அவள் மூச்சு விடாமல் விலை சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும். போன வருடக் கடைசியில் ஏலத்தின் நடுவிலேயே வலிப்பு வந்து விழுந்தாள். தலைக்குள் கட்டி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில், கட்டிக்குப் பக்கத்தில் எந்தெந்த நரம்புப் பாதை போகிறது என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கத்தி எடுப்பார்கள்.

"ஆறாம் தேதி ஸ்கேன். ஏழாம் தேதி ரெண்டு பேரும் போய்ப் படத்தைப் பார்த்தோம். பச்சையா ஒரு கொத்து, கட்டியை உரசிக்கிட்டுப் போச்சு. அது பேச்சுப் பாதைன்னு அந்த ஆராய்ச்சிக்காரப் பொண்ணு சொல்லிச்சு. நான் வேணாம்னுட்டேன். எங்க தொழில் அப்படி சார். லிஃப்ட் கயித்துல இழை விட்டுருந்தா நிறுத்திடுவோம். பத்து மாடி ஜனமும் நின்னு திட்டினாலும் நிறுத்திடுவோம். இழைக்குப் பக்கத்துல கத்தி போறதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"அப்புறம் போட்டீங்க" என்றார் தராசு.

"எட்டாம் தேதி சாயங்காலம் இவ சந்தையில இருந்து வரும்போது இந்தப் படத்தைக் கொண்டுவந்தா. முதல்ல பார்த்தது அரைகுறையா போட்டதாம், இதுதான் சரியானதாம், சந்தைக்கே ஆள் கொண்டுவந்து குடுத்தாங்களாம். பாருங்க, பக்கத்துல ஒண்ணுமே இல்லைன்னா. நம்பினேன். மறுநாள் காலையிலேயே ஆபரேஷன். கட்டி போயிடுச்சு. பேச்சும் போயிடுச்சு."

இரண்டு மாதமாகிறது. ஒரு சொல் வரவில்லை.

"எழுதிக் காட்டறாங்களா?" என்று கேட்டாள் ரேடியோ.

"பேச்சோட எழுத்தும் போயிடும்கறாங்க. பேனாவைக் குடுத்தா கிறுக்கறா. நாம பேசறது மட்டும் புரியுது. ஆமான்னா தலையாட்டுவா, இல்லைன்னா இப்படி. அதுலயும் குழப்பம்தான். டாக்டர் பண்ணின தப்பான்னு கேட்டா இல்லைங்கறா. படம் போட்ட பொண்ணோட தப்பான்னு கேட்டாலும் இல்லைங்கறா. பின்ன யார்தான்டின்னு கேட்டா அழறா."

தராசு இப்போதுதான் படத்தைக் கையில் எடுத்தார்.

"இன்னிக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில விசாரணை" என்றார் மெக்கானிக். "அந்தப் பொண்ணு மேல நான்தான் புகார் குடுத்தேன். ஆராய்ச்சிக்கு ஆள் குறைஞ்சிருக்கும், அதான் படத்தை அழகாக்கி எங்களைத் தள்ளிவிட்டுட்டா. யார் சொல்லிப் பண்ணினான்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. நாலு மணிக்குள்ள அது எனக்குத் தெரியணும் சார்."

*

ஸ்கேன் பிரிவு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. தாழ்வாரம் முழுக்க இரும்பு கொண்டுவராதே என்று சிவப்பு எழுத்துப் பலகைகள். ஸ்கேன் ஆபரேட்டர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கும் மனிதர். வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும், அந்த எட்டு மாதமும் கண் முன்னால் ஓடியதுபோல் முகம் வெளுத்தது.

"பயப்படாதீங்க. எங்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது. அதைக் கத்துக்கத்தான் வந்தோம்" என்றார் தராசு. "முதல் சந்தேகம். இது அந்த அம்மாவோட தலைதானா? வேற யாரோடதாவது மாறி வந்துடுச்சா?"

ஆபரேட்டர் படத்தை விளக்கடியில் பிடித்தார். நெற்றிப்பொட்டுக்கு வெளியே, தோலை ஒட்டி, ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது வைட்டமின் மாத்திரை. உள்ள எண்ணெய் இருக்கறதால படத்துல பளிச்சுன்னு தெரியும். எது வலது எது இடதுன்னு குழப்பம் வரக்கூடாது இல்லையா, அதனால எல்லாருக்கும் வலது பொட்டுல ஒண்ணு ஒட்டிடுவோம்."

"இதுல இடதுன்னு போட்ட பக்கத்துல இருக்கே" என்றாள் ரேடியோ. "படத்தைத் திருப்பிப் போட்டுட்டீங்களா? இல்ல தலையையே திருப்பி வெச்சுட்டீங்களா?"

ஆபரேட்டர் வாயைத் திறப்பதற்குள் தராசு கையைக் காட்டினார். "இருங்க. எல்லாருக்கும் வலது பக்கம் ஒட்டறவர் ஒருத்தருக்கு மட்டும் இடது பக்கம் ஒட்டினா, அதுக்குக் காரணம் அந்தத் தோல்லதான் இருக்கணும்." போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "ஸ்கேன் எடுத்தப்போ உங்க வீட்டம்மாவுக்கு வலது பொட்டுல காயம் ஏதாவது இருந்துச்சா?"

இருந்தது. முதல் நாள் சந்தையில் தக்காளிப் பெட்டி இடித்துத் தோல் உரிந்திருந்தது. ஆபரேட்டரும் தம் நோட்டைப் புரட்டிக் காட்டினார். 'வலப்பொட்டில் புண், இடப்புறம் ஒட்டியது' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"ஆக, ஆள் சரி, தலை சரி, பக்கமும் சரி" என்றாள் ரேடியோ. "தப்பு மட்டும்தான் தப்பு."

தராசு கட்டியைச் சுற்றியிருந்த வெறும் இடத்தில் விரலை வைத்தார். "இந்தக் கோடு எங்கிருந்து வருது? உள்ள இருக்கற நரம்பை மெஷின் போட்டோ பிடிக்குதா?"

"நரம்பை யாரும் பிடிக்கறதில்ல சார். மெஷின் பார்க்கறது தண்ணியை." ஆபரேட்டருக்குத் தொழில் பேச்சு வந்ததும் பயம் கொஞ்சம் விலகியது. "ஈரத் துணியில ஒரு சொட்டு மை விட்டா நூல் போற பக்கமாத்தானே ஓடும்? மூளையிலயும் தண்ணி நரம்பு போற பக்கமா நகரும். அது எந்தப் பக்கம் நகருதுன்னு மெஷின் அளந்து சொல்லும். கம்ப்யூட்டர் அதை வெச்சுக் கோடு போடும். முன்னும் பின்னும் ஓடினா பச்சை, குறுக்கே ஓடினா சிவப்பு, மேலயும் கீழயும்னா நீலம்."

"கட்டி பக்கத்துல?"

"அங்க வீக்கம் இருக்கும். தண்ணி குழம்பி எல்லாப் பக்கமும் போகும். கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்துடும். எவ்வளவு சந்தேகம் வந்தா கோட்டை நிறுத்தணும்கறதுக்கு ஒரு எண் இருக்கு. அதை வைக்கறது மனுஷங்கதான். எண்ணைக் கொஞ்சம் ஏத்தினா சந்தேகமான கோடெல்லாம் படத்துல இருந்து போயிடும்."

"நரம்பு?"

"நரம்பு எங்க போகும்? அங்கயேதான் இருக்கும். படத்துல கோடு இல்லைன்னா அங்க நரம்பு இல்லைன்னு அர்த்தமில்ல சார். கம்ப்யூட்டருக்குத் தெரியலைன்னு அர்த்தம். படத்தை அழகா பார்க்கறவங்களுக்கு அது புரியறதில்ல."

தராசு படத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போலிருந்த எழுத்துகளைக் காட்டினார். ஆபரேட்டர் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தார். வரைந்த தேதி எட்டு. நேரம் மதியம் ஒன்று பன்னிரண்டு.

"இது ஆபரேஷன் தியேட்டருக்கு எப்படிப் போச்சு?"

"தானா போகும். ஒரு நோயாளிக்குக் கடைசியா எந்தப் படம் வரைஞ்சு சேமிச்சிருக்கோ, அதுதான் ஆபரேஷன் தியேட்டர் திரையில வரும். யாரும் தூக்கிட்டுப் போக வேண்டியதில்ல." அவர் குரல் இறங்கியது. "ஆபரேஷன் பன்னிரண்டாம் தேதின்னுதான் சார் குறிச்சிருந்தாங்க. வேற ஒருத்தருக்கு ஜுரம் வந்து அவரைத் தள்ளி வெச்சாங்க. அந்த இடத்துல இவங்களை ஒன்பதாம் தேதி காலையில ஏத்திட்டாங்க. அன்னிக்கு அந்தப் பொண்ணு லீவு, அம்மாவுக்குக் கண் பரிசோதனைன்னு. பத்தாம் தேதி வந்து கம்ப்யூட்டரைத் திறந்துச்சு. விஷயம் தெரிஞ்சு அப்படியே சேர்ல உக்காந்தது. நான் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன். குடிக்கலை."

"எட்டாம் தேதி ஒண்ணேகால் மணிக்கு அந்தப் பொண்ணோட ரூம்ல வேற யார் இருந்தாங்க?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன்."

பொய் சொல்லவில்லை என்று முகம் சொன்னது. திரும்பி நடந்தார்கள். தாழ்வார வாசலில் ஒரு மரப்பெட்டியும், கயிற்றில் கட்டிய ஒரு நோட்டும் இருந்தன. உள்ளே போகிற எவரும் தம்மிடமுள்ள இரும்பு, பித்தளை சாமான்களைப் பெட்டியில் வைத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். நோட்டில் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை. டோக்கன் எண், சாமான், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அவ்வளவுதான்.

ரேடியோவுக்கு எந்த நோட்டைப் பார்த்தாலும் புரட்டியாக வேண்டும். "கைக்கடிகாரம், சாவி, கைக்கடிகாரம், பெல்ட், பல் செட்டு. ஐயோ பாவம், இதையும் கழட்ட வெச்சுட்டாங்களா. சாவி, சாவி..." பக்கத்தைத் திருப்பியவள் நின்றாள். "சார். எட்டாம் தேதி. டோக்கன் பதினேழு. உள்ளே பன்னிரண்டு ஐம்பது, வெளியே ஒண்ணரை. சாமான், கைமணி ஒன்று."

தராசு குனிந்து பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துல பியூனே இப்பல்லாம் மணி தூக்கறதில்ல. ஆஸ்பத்திரிக்குக் கைமணியோட யார் சார் வருவா?" என்று கேட்டவள், கேட்டு முடிப்பதற்குள் பதிலைக் கண்டுகொண்டாள். இரண்டு பக்கம் முன்னால் புரட்டினாள். ஆறாம் தேதி, ஸ்கேன் நடந்த அன்றும் இருந்தது. 'கைமணி ஒன்று, வளையல் இரண்டு.'

"எட்டாம் தேதி அவங்களுக்கு ஸ்கேன் இல்லையே" என்றாள் மெதுவாக.

"இல்லை."

"சந்தைக்கே ஆள் கொண்டுவந்து குடுத்தாங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்காங்க."

"ஆமா" என்றார் தராசு. நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை.

*

ஆராய்ச்சிக்காரப் பெண் ஆஸ்பத்திரி கேன்டீனின் பின்பக்க பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மடியில் ஒரு அட்டைப் பெட்டி. அதில் அவளுடைய தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டர், இரண்டு புத்தகங்கள். விசாரணை நாலு மணிக்குத்தான். ஆனால் அவள் மேஜையை அதற்குள் காலி செய்துவிட்டாள்.

தராசு யாரென்று சொல்லிக்கொண்டார். அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். ரேடியோ தோளைத் தொட்டு உட்கார வைத்தாள்.

"எட்டாம் தேதி மத்தியானம் உங்க ரூமுக்கு ஒருத்தங்க வந்தாங்க" என்றார் தராசு. "மணியை வாசல்ல வெச்சுட்டு வந்தாங்க. எதுக்கு?"

அவள் மடியிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தாள். பிறகு, "நான் செஞ்சது தப்பு சார். கோட்டை நிறுத்தற அந்த எண்ணை ஏத்தினது நான்தான். சேமிச்சு வெச்சதும் நான்தான். தனியா வேற பேர்ல வெச்சிருக்கணும், பத்தாம் தேதி வந்து மாத்திக்கலாம்னு விட்டுட்டேன். அதையெல்லாம் இல்லைன்னு சொல்லப் போறதில்ல. யார் கேட்டுச் செஞ்சேன்கறதை மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"ஏன்மா? வேலை போகும். இனிமே எந்த ஆஸ்பத்திரியிலயும் படியேற விட மாட்டாங்க" என்றாள் ரேடியோ.

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கு வாங்கினவங்களே சொல்லிடுன்னு சொன்னா?" என்றார் தராசு.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. "சொன்னா சொல்லிடுவேன் சார். ரெண்டு மாசமா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். அவங்க வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். நான் குடுத்த வாக்கு என்கிட்ட பத்திரமா இருக்கு. அதைத் திருப்பி வாங்கிக்க வேண்டியவங்ககிட்டதான் வாக்கு இல்ல."

அங்கிருந்து பஸ் ஏறி, ஆறு நிறுத்தம் கடந்து இறங்கும்வரை ரேடியோ பேசாமல் வந்தது தராசுக்குப் புதிதாக இருந்தது.

*

லிஃப்ட் மெக்கானிக்கின் வீடு மூன்றாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

"டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு மருந்து கிடைக்காதுங்கற மாதிரி" என்று மூச்சிரைத்தாள் ரேடியோ. அன்று அவள் சொன்ன கடைசி வேடிக்கை அதுதான்.

ஏலக்காரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அகன்ற தோள்கள். மழித்த தலையில் முடி விரற்கடை அளவுக்கு வளர்ந்திருந்தது. இடது காதுக்கு மேல் தழும்பு பாத்திபோல் ஓடியது. வந்தவர்களைப் பார்த்து எழுந்து, நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள். பேச்சு ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது.

"கிடைச்சுதா சார்? யார்?" என்றார் மெக்கானிக்.

தராசு ஏலக்காரம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். வழியெல்லாம் அவர் கேள்விகளைத்தான் நிறுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அம்மா, நான் சில விஷயம் கேக்கணும். எட்டாம் தேதியைப் பத்தி. இவர் இருக்கும்போதே கேக்கலாமா? வேணாம்னா வெளியில அனுப்பிடறேன்."

பட்டாணித் தோல் அவள் விரலில் நின்றது. கணவனைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். கேட்கலாம்.

"அன்னிக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

ஆமாம்.

"இல்லையே, அவ சந்தையில..." என்றார் மெக்கானிக்.

"தனியாப் போனீங்களா?"

ஆமாம்.

"படத்தை மாத்தணும்னு ஆஸ்பத்திரியில யாராவது உங்ககிட்ட பேசினாங்களா?"

இல்லை.

"நீங்கதான் கேட்டீங்களா?"

கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். தலை அசைந்தது. ஒரு தடவையோடு நிற்கவில்லை. ஆமாம், ஆமாம், ஆமாம் என்று அது பாட்டுக்கு அசைந்துகொண்டே இருந்தது. இரண்டு மாதமாக யாரும் கேட்காத ஒரே கேள்வியை இன்று ஒருவர் கேட்டுவிட்டார்.

"சார், அவளுக்குக் குழப்பம் சார்" என்றார் மெக்கானிக். குரல் உயர்ந்தது. "எதுக்குக் கேட்டாலும் தலையாட்டறா. இங்க பாரு. இது ரெண்டாவது மாடியா?"

இல்லை.

"மூணாவதா?"

ஆமாம்.

"நமக்குக் கல்யாணமாகி முப்பது வருஷமா?"

இல்லை என்று அசைத்துவிட்டு, விரலால் இரண்டும் நாலும் காட்டினாள். இருபத்துநாலு. மெக்கானிக் சுவரில் சாய்ந்துகொண்டார்.

தராசு குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார். "கட்டிக்குப் பக்கத்துல கோடு இல்லாத மாதிரி ஒரு படம் குடு, வீட்டுக்காரர்கிட்ட காட்டத்தான், அவர் கையெழுத்துப் போட்டா போதும்னு கேட்டீங்க. அவர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட வாக்கு வாங்கினீங்க."

ஆமாம்.

"டாக்டர் நிஜப் படத்தைத்தான் பார்ப்பார்னு நினைச்சீங்க. இதே படம் தியேட்டருக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியாது."

தெரியாது. தெரியாது.

"ஏன்?" என்றார் மெக்கானிக்.

அவள் வாயைத் திறந்தாள். நாக்கு எதையோ தேடியது. "த" என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி "த". கழுத்து நரம்பு புடைத்தது. பத்து நொடியில் நூறு விலை சொன்ன வாய் அது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஏன் என்ற கேள்விக்குத் தலையாட்ட முடியாது.

மெக்கானிக் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "செத்துடுவோம்னு பயமா?"

இல்லை.

"வலியா? என்கிட்ட மறைச்சியா?"

இல்லை.

"சந்தையில எல்லார் முன்னாலயும் விழுந்தியே, அந்த அவமானமா?"

தலை லேசாகச் சாய்ந்தது. ஆமாம் என்றும் சொல்லலாம், அது மட்டுமில்லை என்றும் சொல்லலாம்.

"நான் முடியவே முடியாதுன்னு நின்னேனே. அதனாலயா? நான் நின்னதாலதான் எனக்குத் தெரியாம போனியா?"

அவள் தலை எந்தப் பக்கமும் அசையவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு பதில்தான் என்று தராசுக்குத் தோன்றியது. என்ன பதில் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

சுவர்க் கடிகாரம் மூன்றைக் காட்டியது. "அம்மா, நாலு மணிக்கு விசாரணை. நடந்ததை அந்தப் பொண்ணு சொல்லலாமா?" என்று கேட்டார்.

அவள் தலையசைக்கவில்லை. எழுந்தாள். கதவோரம் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுபோல் மூன்று பேரையும் பார்த்தாள்.

*

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். ஓரத்தில் ஆபரேஷன் செய்த டாக்டர்.

ஏலக்காரம்மா நேராக அந்தப் பெண்ணிடம் போனாள். அவள் கையைப் பிடித்து, மேஜைப் பக்கம் திருப்பி, முதுகில் லேசாகத் தட்டினாள். சொல்லு.

அந்தப் பெண் சொன்னாள். அழாமல், ஒளிக்காமல், எட்டாம் தேதி பன்னிரண்டு ஐம்பது முதல் பத்தாம் தேதி காலை வரை எல்லாவற்றையும் சொன்னாள். மெக்கானிக் எழுந்து, தம் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். தராசு தாழ்வார வாசல் நோட்டில் இருந்த இரண்டு வரிகளைச் சொன்னார். ஏலக்காரம்மா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள்.

விசாரணைத் தலைவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டுதான் பேசினார்.

"அந்த அம்மாவோட நிலைமை எங்களுக்குப் புரியுது. ஆனா மூளையில ஆபரேஷன் ஆனவங்க தலையாட்டறதை நாங்க வாக்குமூலமா எழுதிக்க முடியாது. எழுதினா நாளைக்கு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. புகாரை நீங்க வாபஸ் வாங்கலாம். நடந்த தப்பை யாரும் வாபஸ் வாங்க முடியாது. நோயாளியே கேட்டிருந்தாலும், பொய்யான படத்தை உண்மையான பேர்ல சேமிச்சது தப்புதான்."

"அது தப்புதான் சார்" என்றாள் அந்தப் பெண்.

மெக்கானிக் டாக்டர் பக்கம் திரும்பினார். "முதல் படத்தை நீங்க பார்த்திருந்தா?"

டாக்டர் மேஜையைப் பார்த்தபடி பேசினார். "கட்டியில கொஞ்சம் விட்டுட்டு வெளியே வந்திருப்பேன்னு நினைக்கிறேன். பேச்சு தப்பிச்சிருக்கலாம். அப்பவும் போயிருக்கலாம். விட்ட கட்டி திரும்ப வளர்ந்திருக்கலாம். ராத்திரி பகலா யோசிச்சுப் பார்த்துட்டேன். எனக்குத் தெரியலை."

நாலு இருபத்தைந்துக்கு எல்லாம் முடிந்தது. பெண்ணுக்கு வேலை போயிற்று. அட்டைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது ஏலக்காரம்மா அவள் கன்னத்தில் கையை வைத்தாள். இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அந்தப் பெண் குனிந்த தலையோடு வாசலைக் கடந்து போனாள்.

*

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. ஏலக்காரம்மா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். ரேடியோ அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பத்தடி தள்ளி மெக்கானிக் தராசின் சட்டைக் கையைத் தொட்டார்.

"சார், நீங்க இன்னிக்கு நாலஞ்சு கேள்விதான் கேட்டீங்க. ரெண்டு மாசமா நான் ஆயிரம் கேட்டிருப்பேன். எனக்கு ஒண்ணும் வரலை. எப்படிக் கேக்கணும்? அதைச் சொல்லிக் குடுங்க."

"ஆமா இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேக்கணும். ஒரு தடவைக்கு ஒரு விஷயம். அவசரப்படக் கூடாது."

மெக்கானிக் பாடம் கேட்பவர்போல் தலையசைத்தார். பிறகு முகம் மாறியது.

"எனக்குத் தெரிஞ்சதை நான் கேப்பேன் சார். அவ மனசுல இருக்கறது எனக்குத் தோணவே தோணாத விஷயமா இருந்தா? அதை எப்படிக் கேக்கறது? முன்னாடியெல்லாம் நான் எதையுமே கேட்டதில்ல. அவளே சொல்லிடுவா."

தராசு வார்த்தையைத் தேடினார். இருபது வருடத் தொழிலில் கேள்விக்கு அவர் பஞ்சப்பட்டதில்லை. "தெரியலைங்க" என்றார்.

மெக்கானிக் பெஞ்சுக்குப் போனார். ரேடியோ எழுந்து இடம் விட்டாள்.

"பசிக்குதா?" என்று கேட்டார்.

இல்லை.

"தண்ணி வேணுமா?"

இல்லை.

"தலை வலிக்குதா?"

இல்லை.

"என் மேல கோபமா?"

இல்லை. ஆனால் ஏதோ இருந்தது. அவள் கண் அவர் முகத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. கை காற்றில் ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டு மடியில் விழுந்தது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். ஏறுகிறவர்கள் ஏறினார்கள். பஸ் போய்விட்டது.

"வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டார் மெக்கானிக்.

இல்லை.

"சந்தைக்கா?"

இல்லை.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அடுத்த கேள்வியை யோசித்தார்.